எண்ணெய் பூசிய கை

சவரியாயி அழகி இல்லை. நல்ல கறுப்பு, முன்பற்கள் கொஞ்சம் எடுப்பு. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், "கஸ்பாருக்கு வேற பொண்ணே கெடைக்கலையா?" என்று அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். நகை போட்டு வந்தவளும் இல்லை. அந்த ஊரில் அவளுக்கு ஒரு மதிப்பு வந்தது என்றால் அது அவள் கையால் மட்டுமே வந்தது.

காரிமங்கலத்திலிருந்து தெற்கே வண்டிப்பாதையில் போனால் சம்மனசுபட்டி. எல்லாரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; எல்லாருக்கும் வானம் பார்த்த புன்செய்க் கொல்லை. ஆடி மழை இறங்கினால் கேழ்வரகு விதைப்பார்கள். ஏர் போட்ட சாலில் பின்னாலேயே ஒரு பெண் நடந்து அவரையும் துவரையும் போட்டுக்கொண்டு போவாள். சவரியாயி மருமகளாய் வந்த வருஷம் மாமியாருக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லாததால் விதைக்கூடை புதுப்பெண்ணின் இடுப்புக்கு வந்தது. அந்த வருஷம் கஸ்பார் கொல்லையில் அவரை காய்த்ததைப் பார்க்க அடுத்த ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மழை அந்த வருஷம் எல்லாருக்குமே நன்றாகத்தான் பெய்தது. அதை மறந்துவிட்டார்கள். கை மட்டும் ஞாபகத்தில் நின்றது.

அதிலிருந்து எந்தக் கொல்லையிலும் முதல் பிடி விதை சவரியாயியின் கையிலிருந்துதான் விழ வேண்டும். மழை விட்ட காலையில் ஊரே அவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். "இருங்கடா, எனக்கு என்ன பத்துக் காலா?" என்று அதட்டிக்கொண்டே கொல்லைக்குக் கொல்லை போவாள். ஏர் பிடிப்பவனின் கோவணத்திலிருந்து அவன் மாமியாரின் மூக்குத்தி வரை எல்லாவற்றையும் கேலி செய்தபடி விதை போடுவாள். அந்த ஒரு நாளில் அவள் அழகியாகவே இருந்தாள். முப்பது வருஷம் அப்படி ஓடிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம் வைகாசியில், கிணற்றடியில் குடத்தைத் தூக்கியபோது நெஞ்சில் வலி வந்தது. மாட்டுக்கால் ஏறி மிதித்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். இடது கை மரத்துப்போயிற்று. உடம்பெல்லாம் வேர்வை. குடம் உருண்டது, அவளும் உருண்டாள்.

கஸ்பார் அவளைக் கட்டிலில் போட்டுவிட்டு சுவாமியாருக்கு ஆள் அனுப்பினார். சுவாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தை பூசுதல் என்ற கடைசித் தேவதிரவிய அனுமானத்தைக் கொடுத்தார். மந்திரித்த எண்ணெயால் கண், காது, மூக்கு, வாய் எல்லாவற்றிலும் சிலுவை போட்டார். இரண்டு உள்ளங்கையையும் விரிக்கச் சொல்லி அங்கேயும் பூசினார். ஊர் முழுக்க முற்றத்தில் முழங்காலில் நின்று அழுதது. சவரியாயி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஒரே மகள் புஷ்பமேரி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு மயக்கம் போட்டாள். அவளை விட அதிகமாக அழுதவள் லூர்து மேரி. கஸ்பாருடைய தம்பியின் மனைவி அவள்; சவரியாயியைக் கூடப்பிறந்தவளாக நினைத்தவள். கஸ்பார் குனிந்து, "போய் வா சவரி" என்று விடை கொடுத்தார்.

சவரியாயி போகவில்லை.

மறுநாள் கண்ணைத் திறந்து, "கூழு இருக்குதா?" என்று கேட்டாள். கஸ்பார் குழந்தை மாதிரி விம்மினார். சில நாளில் எழுந்து உட்கார்ந்தாள். யுத்தகாலத்தில் கரிப்புகையால் ஓடிய பஸ்ஸில் கஸ்பார் அவளைத் தருமபுரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆசுபத்திரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, கசப்பான சொட்டு மருந்து ஒன்று கொடுத்தார்.

"இருதயம் களைச்சிருக்கு. பாரம் தூக்கக் கூடாது, வேகமா நடக்கக் கூடாது. ஆனா மூலையில கட்டிப்போட்டுடாதீங்க. சின்னச் சின்ன வேலை செய்யட்டும். நாலு பேரோட பேசிச் சிரிக்கட்டும். மனசு விட்டுப்போனா இந்த மருந்து நிக்காது. ஒரே மாதிரி இருதயம் ரெண்டு பேருக்கு இருந்தாலும், வாழணும்னு இருக்கறவங்க பல வருஷம் இருப்பாங்க. துக்கம் புடிச்சவங்க சீக்கிரம் போயிடுவாங்க. நான் பாத்திருக்கேன்."

"சரிங்க" என்றார் கஸ்பார். பாரம் தூக்கக் கூடாது என்பது அவர் காதில் ஏறியது. மற்றதெல்லாம் டாக்டர்கள் ஆறுதலுக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சவரியாயி சண்டை போட்டாவது பிழைத்திருப்பாள்.

ஆடி மழை வந்தது. விடிந்ததும் சவரியாயி கொண்டையை முடிந்துகொண்டு அடுக்குப்பானையிலிருந்து விதையை எடுக்கப் போனாள். லூர்து மேரி அதற்குள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க இருங்கக்கா. நான் போட்டுக்கறேன்."

"ஏண்டி, வெத போடறது பாரம் தூக்கறதா? குடு."

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

லூர்து மேரி தரையைப் பார்த்தாள். "அந்தக் கையில எண்ணெ பூசியாச்சில்லக்கா. சாவுக்குப் பூசின கை. அதுல வெதயத் தொட்டா மொளைக்குமா? நான் சொல்லல, ஊருல சொல்றாங்க."

சவரியாயி கணவனைப் பார்த்தாள். கஸ்பார் ஏர்க்கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். "டாக்டரும் வேலை செய்யக் கூடாதுன்னு சொன்னாரில்ல. நீ ராணி மாதிரி உக்காரு சவரி" என்றார்.

அன்று ஊரில் எல்லாக் கொல்லையிலும் லூர்து மேரிதான் முதல் பிடி போட்டாள். சவரியாயி வாசலில் நின்று, தூரத்தில் ஏர் ஓட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு நம்பிக்கை அந்த ஊரில் எங்கிருந்து வந்ததோ தெரியாது. எண்ணெய் பூசி விடைகொடுத்த ஆள் பிழைத்து எழுந்தது அங்கே அதற்கு முன் நடந்ததில்லை. அதனால் அவளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவர்களுக்குப் புரியவில்லை. சாவின் பக்கமே சேர்த்துவிட்டார்கள். சுவாமியார் பூசையில், "நோயாளி சுகமாவதற்கும்தான் இந்த எண்ணெய்" என்று ஒருமுறை அழுத்திச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும், "சாமிக்கு வேதம் தெரியும், வெத தெரியுமா?" என்று ஒருவன் கேட்டான். பேச்சு அத்தோடு முடிந்தது.

அவளை யாரும் அவமதிக்கவில்லை. அவள் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், இடம் விட்டு விலகி உட்கார்ந்தார்கள். அவள் பிசைந்து கொடுத்த களியைக் குழந்தைகள் வாங்காதபடி தாய்மார்கள் நாசூக்காகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒருநாள் அடுத்த தெரு விதவை சின்னம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச ஆள் வந்ததே என்று சவரியாயிக்கு மனசு குளிர்ந்தது.

"அக்கா, அங்க எங்க ஊட்டுக்காரரப் பாத்தா, செவல கன்னு போட்டிருச்சு, கெடேரிக் கன்னுன்னு சொல்லுங்க. சாவறப்ப அதே நெனப்பாத்தான் இருந்தாரு."

சவரியாயி சிரித்தாள். "நான் என்னடி தபால்காரனா?"

சின்னம்மாள் சிரிக்கவில்லை. "வேற யாருக்கா போறாங்க இப்ப? நீங்கதான தயாரா இருக்கறீங்க."

அதன் பிறகு வேறு பெண்களும் வந்தார்கள். ஒருத்தி செத்துப்போன மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். ஒருத்தி அம்மை வாரிக்கொண்டுபோன பிள்ளைக்கு முத்தம் கொடுத்தனுப்பினாள், காற்றில்தான், தொடாமல். சவரியாயி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். முதலில் சிரிப்பை விட்டாள், பிறகு பதில் சொல்வதை விட்டாள்.

தை மாதம் புஷ்பமேரிக்கு நல்லாம்பட்டிப் பக்கம் கல்யாணம். நலங்கு வைக்க லூர்து மேரியைக் கூப்பிட்டார்கள். பெற்றவள் பின்கட்டில் பாத்திரங்களுக்குக் காவல் இருந்தாள். மகள் வண்டியேறும்போது, எல்லாரும் பார்க்கத் தூர நின்று சிலுவை அடையாளம் போட்டாள். மகளும் தூர நின்றே கும்பிட்டாள்.

அதன் பிறகு அவளுக்குள் ஏதோ அவிந்துபோயிற்று. கோழி கூவுமுன்னே விழிப்பு வந்துவிடும். விழித்ததும், இன்னொரு பகல் இருக்கிறதே என்ற பயம் நெஞ்சில் கல்லாக உட்காரும். சோறு மண்ணாக இருந்தது. தலைவாரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு நகர்வது கூடத் தெரியாது. அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது, வரவில்லை. சொட்டு மருந்தை ஒருநாள் மறந்தாள். மறுநாள் ஞாபகம் இருந்தது, யாருக்காகக் குடிப்பது என்று எடுக்கவில்லை. கிணற்றடி வரை நடந்தால் மூச்சு இரைத்தது. சாயங்காலத்தில் கால் வீங்கியது. அடிக்கடி மார்பைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் என்ன ஆகும், மறுபடி எண்ணெயா வரும் என்று சொல்லாமலே இருந்தாள்.

ஊர் அதை என்னவென்று சொல்லிற்று தெரியுமா? புண்ணியம் என்று சொல்லிற்று. கோயிலில் செபம் சொல்லித்தரும் உபதேசியார், "சவரியாயியைப் பாருங்க. சாப்பாட்டு ஆசை இல்ல, பேச்சு ஆசை இல்ல. மோட்சத்துக்கு எப்படித் தயார் பண்றாங்க" என்று மற்றப் பெண்களுக்கு உதாரணம் காட்டினார். கஸ்பாருக்குப் பெருமையாகக் கூட இருந்தது. துக்கம் ஒரு மனுஷியைத் தின்றுகொண்டிருந்தது. அவர்கள் தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பங்குனிக் கடைசியில், சந்தை முடித்துத் திரும்பும் வழியில் சின்னக்கண்ணு வந்தாள். வத்தல்மலைக்காரி. புளியும் தேனும் சுமந்து காரிமங்கலம் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் கஸ்பார் வீட்டு வண்டிக்கொட்டகையில் தங்குவது பல வருஷப் பழக்கம். இந்த ஒரு வருஷமாக வேறு வழியாகப் போய்வந்ததால் அவளுக்கு எதுவும் தெரியாது.

"என்னக்கா, அடைக் கோழியாட்டம் உக்காந்திருக்க?"

"நான் செத்தாச்சுடி."

சின்னக்கண்ணு கூடையை இறக்கிவிட்டு அவள் தலையை உற்றுப் பார்த்தாள். "செத்தவளுக்கு எதுக்கு இம்மாம் பேனு? தலையக் காட்டு."

சொன்னதோடு நில்லாமல் அவள் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாதக்கணக்காக யார் விரலும் படாத தலை. சின்னக்கண்ணு பேனைக் குத்திக்கொண்டே மலைக்கதைகளைச் சொன்னாள். கரடி துரத்தியதில் கொழுந்தன் வேட்டியை விட்டுவிட்டு ஓடிவந்ததைச் சொன்னபோது, மடியிலிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. சவரியாயி சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நடுவிலே அழுகையாக மாறி, தடுப்பாரின்றிக் கொட்டியது. அழுது முடித்துவிட்டு எண்ணெய் விஷயம் முழுவதையும் சொன்னாள்.

"இதுதானா?" என்றாள் சின்னக்கண்ணு. முந்தானை முடிச்சை அவிழ்த்து, சந்தையில் மாற்றி வாங்கிய சாமை விதையை நீட்டினாள். "தொட்டுக் குடு. எங்க சாமிக்கு உங்க எண்ணெயும் தெரியாது, உங்க ஊரும் தெரியாது. மொளைக்கலைன்னா அடுத்த சந்தைக்கு வந்து உன்னய வையறேன்."

சவரியாயி விதையை அள்ளினாள், விரலிடுக்கில் ஓடவிட்டாள், மறுபடி அள்ளினாள். சின்னக்கண்ணு அவசரப்படுத்தவில்லை.

அன்று சவரியாயி களி கேட்டுச் சாப்பிட்டாள். மருந்துப் புட்டியைத் தேடி எடுத்தாள். வைகாசிக்குள் கால் வீக்கம் வடிந்தது, கிணற்றடிக்கு நின்று நின்று போய்வந்தாள். அவள் மனசில் ஒரே ஒரு எண்ணம் விழுந்திருந்தது. கல்யாணமான முதல் வருஷம், பெண்ணின் தாய் தன் வீட்டு விதையைக் கொண்டுபோய் மகள் கொல்லையில் முதல் பிடி போட வேண்டும். அது பெற்றவளின் உரிமை. ஊரார் கொல்லை ஊராருடையது. மகள் கொல்லை மகளுடையது அல்லவா? புஷ்பமேரி தன் வயிற்றில் பிறந்தவள் அல்லவா?

ஆடி மழை பெய்தது. வெள்ளைக் கண் வைத்த சிவப்பு அவரையை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்தாள். கஸ்பார் தயங்கினார்.

"லூர்து மேரிய அனுப்பலாமே சவரி. உனக்கு வண்டி குலுங்கும்."

"பெத்தவ நானு."

வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத் தைரியம் இல்லை; நான் இருக்கிறேன், யார் என்ன சொன்னாலும் நீதான் போடுகிறாய் என்று சொல்லவும் தைரியம் இல்லை. வண்டியைப் பூட்டினார். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். எதிரே வந்த ஒரு கிழவனின் தலைப்பாகையைக் கேலி செய்தாள். கஸ்பார் திரும்பிப் பார்த்து, பழைய சவரியாயி மாதிரி இருக்கிறாளே என்று நினைத்தார்.

புஷ்பமேரி வாசலுக்கு ஓடிவந்தாள். கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "உக்காரு ஆத்தா, வெயில்ல வந்திருக்க. மோர் கொண்டாறேன்."

"மோர் கெடக்கட்டும். ஏர் பூட்டியாச்சா?"

"இப்பத்தான் பூட்டறாங்க. நீ இரு."

சவரியாயி இருந்தாள். மோர் வந்தது. சம்பந்தியம்மாள் வந்து உடம்பைப் பற்றி மரியாதையாக விசாரித்தாள். வெகுநேரம் ஆயிற்று. பின்னால் கொல்லையிலிருந்து மாட்டை ஓட்டும் சத்தம் கேட்டது. போவதும் வருவதுமாகக் கேட்டது. ஒரு சால் முடிந்து அடுத்த சால் திரும்புகிற சத்தம் அவளுக்குத் தெரியாததா? எழுந்து பின்கட்டைத் தாண்டிப் போனாள்.

மாப்பிள்ளை ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னாலே அவர் அக்காள் கூடையை வைத்துக்கொண்டு விதை போட்டுக்கொண்டிருந்தாள். வேறு கூடை. வேறு விதை.

புஷ்பமேரி பின்னால் வந்து நின்றாள்.

"அது யாரு வெத?"

"ஆத்தா, கோவிச்சுக்காத. எனக்கு ஒண்ணும் இல்ல. அத்தை பயப்படறாங்க. புதுசா வந்தவ நானு. மொத வருசம் வெளயாமப் போச்சுன்னா என்னயத்தான சொல்லுவாங்க?"

"உனக்கு ஒண்ணும் இல்லையா?"

புஷ்பமேரி வாயைத் திறந்தாள். பொய் சொல்ல வரவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்குது ஆத்தா" என்றாள். அம்மாவின் கையைப் பிடிக்க வந்தவள், பாதியில் தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். கேழ்வரகுக் களி, பக்கத்தில் குழம்பு. குழம்பில் சிவப்பாய், வெள்ளைக் கண்ணோடு அவரைக் கொட்டைகள். சவரியாயி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பார்க்க வேண்டியதே இல்லை, அவள் பொறுக்கினவைதான். ஊற வைக்காமல் அவசரமாக அவித்ததில் சரியாக வேகவில்லை.

"வீணாப் போவ வேணாம்னு…" என்று தொடங்கிய சம்பந்தியம்மாள் பாதியில் நிறுத்தினாள்.

கஸ்பார் தன் தட்டையே பார்த்தபடி களியை உருட்டிக்கொண்டிருந்தார். புஷ்பமேரி அடுப்பங்கரையில் திரும்பி நின்றாள். சவரியாயி ஒவ்வொரு கொட்டையாக மென்று விழுங்கினாள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"உப்பு கொஞ்சம் தூக்கலு" என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் திரும்பினார்கள். பாதி வழியில் கஸ்பார் பார்த்தபோது மார்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"சவரி, நெஞ்சு வலிக்குதா? வண்டியத் தருமபுரிக்குத் திருப்பறேன். ஆசுபத்திரிக்குப் போயிடலாம்."

"எதுக்கு?"

கஸ்பார் மாட்டை நிறுத்தினார். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. கோபத்துக்கும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். எனக்காக என்று அவர் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் போன வருஷம் வைகாசியிலேயே அவளுக்கு விடைகொடுத்துவிட்டு, அவள் இல்லாமல் இருக்க மெதுவாகப் பழகிவிட்ட மனுஷனுக்கு அந்த வார்த்தை சட்டென்று வரவில்லை. தேடிக்கொண்டே இருந்தார்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"ஊட்டுக்கே ஓட்டுங்க" என்றாள்.

ஊர் எல்லை வருமுன்னே வண்டிக்குள் அவள் மூச்சிரைக்கும் சத்தம் அடங்கிவிட்டது. கஸ்பார் திரும்பிப் பார்க்கப் பயந்து, வீட்டு வாசல் வரை ஓட்டிக்கொண்டே வந்தார்.

அடக்கம் ஒழுங்காக நடந்தது. தயாராக இருந்த ஆத்துமா, நல்ல மரணம் என்றார்கள். டாக்டர் மருந்தும் கேட்கவில்லை, இருதயம் அவ்வளவுதான் என்று கஸ்பாரின் தம்பி வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒப்பாரி எழவில்லை. அவளுக்காக அழ வேண்டியதையெல்லாம் போன வருஷமே அழுது தீர்த்திருந்தார்கள். பெண்கள் சின்னக் குரலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். லூர்து மேரி மெழுகுவத்தியின் திரியைக் கிள்ளிவிட்டாள்.

யாராவது ஆரம்பித்தால் தானும் அழலாம் என்று கஸ்பார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.